வீடு கேட்டுப் போன இருவர்

ஆரணி பேருந்து நிலையத்துக்கு அருகில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, பல்கலைக்கழக ஆய்வு மையத்துக்கு ஓர் அறை இருந்தது. 'பன்மைத்துவம் மற்றும் சமூக உள்ளடக்க ஆய்வு மையம் – கள அலுவலகம்' என்று வெளியே பலகை மாட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு மாடியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் ஆதாரில் பெயர் திருத்த வேண்டும் என்பார்கள். மீதிப் பேர் மகளிர் குழுவுக்குக் கடன் உண்டா என்று விசாரிப்பார்கள். ஜெசி அவர்களை உட்கார வைத்து, எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். "அப்ப இங்க இன்னாதான் பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவாள்.

"ஊர்ல யாருக்கு எது கெடைக்குது, யாருக்குக் கெடைக்கலன்னு பாக்கறோம்" என்பாள்.

ஜெசிக்குச் சொந்த ஊர் தேசூர். அப்பா சாலமோன் மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து இறந்துபோனார். அம்மா ஜெபராணி ஊருக்கு வெளியே காலனியில், தேவாலயத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். ஜெசி முனைவர் பட்டம் முடித்து, இந்த மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆரணிக்கு அனுப்பப்பட்டாள். தினமும் தேசூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஆரணியிலேயே தங்கக் கூடாதா என்று கூட வேலை செய்யும் தீபா கேட்டபோது, "அம்மாவத் தனியா வுட்டுட்டு வர முடியாது" என்று சொல்லியிருந்தாள்.

தீபா காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். படிப்பு முடிந்து இதுதான் முதல் வேலை. ஜெராக்ஸ் கடைக்காரரின் அத்தை வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அந்த அறை அவளுக்கு வந்த அன்றே கிடைத்தது.

அந்த வருடம் மையம் எடுத்துக்கொண்ட ஆய்வு, சிறு ஊர்களில் வாடகை வீடு யாருக்குக் கிடைக்கிறது என்பது. செய்முறை எளிமையானது. ஒரே வீட்டுக்கு இரண்டு பெண்கள் தனித்தனியாகப் போக வேண்டும். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம்; ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் என்று மட்டும் சொல்ல வேண்டும். தனி ஆள், சத்தமில்லாத ஆள். பெயரும் ஊரும் கும்பிடும் சாமியும் மட்டும்தான் வேறு. அவற்றில் பொய் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் வாதாடக் கூடாது. கிடைத்த வீட்டை எடுத்துக்கொள்ளவும் கூடாது. "யோசிச்சுச் சொல்றேங்க" என்று எழுந்து வந்துவிட வேண்டும். ஆய்வை நடத்திய பேராசிரியர் தமிழ்செல்வன் இதை இருவருக்கும் பலமுறை சொல்லியிருந்தார். முதலில் ஜெசி போவாள். மறுநாள் தீபா போவாள்.

யாரும் ஜெசியின் முகத்துக்கு நேராகச் சாதியைக் கேட்கவில்லை. அப்பா பேர் என்ன என்று கேட்டார்கள். தேசூரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். ஊருக்குள்ளேயா, தாண்டியா என்று கேட்டார்கள். பதில் வந்ததும், சொல்ல மறந்தேபோச்சு, நேற்றுத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்றார்கள். மகன் பெங்களூரிலிருந்து வரப் போகிறான் என்றார்கள். மறுநாள் தீபா போகும்போது அட்வான்ஸ் கொடுத்தவரும் இருக்க மாட்டார், மகனும் வர மாட்டான். சாயங்காலம் இருவரும் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவு செய்வார்கள். தீபா தலையைக் குனிந்துகொண்டே டைப் செய்வாள். ஜெசிக்கு இது பழகிய சமாசாரம். தீபாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவாள்.

சேவூரில் கெங்கம்மாளின் வீட்டுக்கு ஜெசி போனது சித்திரை வெயிலில். கீழே முன்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. கெங்கம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கணவர் இல்லை. ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் கொழுந்தனார் சுப்பராயலு குடும்பம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே தண்ணீர்க் குழாய்.

மற்றவர்கள் எல்லோரும் முதலில் பெயரையும் ஊரையும் கேட்டார்கள்; வீட்டைக் காட்டுவது அதற்குப் பிறகுதான். கெங்கம்மாள் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "மேல தொறந்துதான் கீது. போயி பாத்துட்டு வா கண்ணு, அப்பறம் பேசலாம்" என்றாள்.

ஜெசி தனியாக மாடிக்குப் போனாள். ஒரு பெரிய அறை, சின்ன சமையலறை, பின்னால் மொட்டை மாடி. சன்னலைத் திறந்தால் நெல் வயல். அறுவடைக்குக் கிட்டத்தில் இருந்தது. காற்று நேராக உள்ளே வந்தது. கட்டிலைச் சன்னலோரம் போட்டால் அம்மாவுக்கு நன்றாக இருக்கும், புத்தக அலமாரியை எதிர்ச் சுவரில் வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எதற்காக வந்தோம் என்பது கொஞ்ச நேரம் அவளுக்கு மறந்துபோயிற்று. திரும்பியபோது கெங்கம்மாள் படியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புட்ச்சிருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க."

பிறகு கேள்விகள் வந்தன. ஜெசி எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னாள். கெங்கம்மாள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அட்வான்ஸ் கொடுத்தவரையோ பெங்களூர் மகனையோ ஜெசி எதிர்பார்த்தாள்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. வூடு காலியாதான் கீது. உனக்குக் குடுக்க முடியாது. பக்கத்துல என் கொழுந்தனாரு கீறாரு. பெரிய பேஜாராப் பூடும். நான் ஒண்டிப் பொம்பள."

"சரிங்கம்மா" என்றாள் ஜெசி.

"இரு, வெய்யில்ல வந்துகீற." உள்ளே போய் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எடுத்துகினு போ. வழியில குடிச்சுக்கோ."

மறுநாள் தீபா போனாள். திரும்பி வந்தபோது சிரித்த முகமாக இருந்தாள்.

"இந்தம்மா ரொம்ப நல்ல மாதிரிக்கா. வெள்ளி டம்ளர்ல மோர் குடுத்தாங்க. எப்ப வரேன்னு கேட்டாங்க, வெள்ளையடிச்சு வெக்கறாங்களாம். உங்களை எப்படிப் பேசுனாங்க?"

"என்னையும் நல்லாத்தான் பேசுனாங்க. மத்தவங்க மாதிரி பொய் சொல்லல. குடிக்கத் தண்ணி குடுத்தாங்க."

"எதுல?"

ஜெசி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பாட்டில்ல" என்றாள். "எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க."

தீபாவின் சிரிப்பு போய்விட்டது.

மற்ற வீடுகளைப் போல இந்த வீடும் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கெங்கம்மாள் தீபாவின் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். வெள்ளையடித்து முடித்ததும் போன் செய்தாள். பழைய மோட்டாரை மாற்றிவிட்டேன் என்று மறுபடி செய்தாள். தீபா ஒவ்வொரு முறையும், "யோசிச்சுட்டு இருக்கேம்மா" என்றாள். ஒருநாள் போனை வைத்துவிட்டு அழுதேவிட்டாள். பேங்க்கில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு வந்து வீட்டைக் கேட்டிருக்கிறார். ஒரு பொண்ணு சொல்லி வெச்சிகீது என்று கெங்கம்மாள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

தீபா பேராசிரியரிடம் பேசினாள். தமிழ்செல்வன் கெட்ட மனிதர் இல்லை. அவர் வருத்தப்பட்டது குரலில் தெரிந்தது. ஆனால், "இன்னும் கொஞ்சம் வீடுங்க பாக்கி இருக்கு. இப்ப சொன்னா சேவூர் முழுக்க தெரிஞ்சுடும். அது வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்றார்.

ஜெசியும் பொறுத்துக்கொள்ளத்தான் சொன்னாள். காலி வீட்டை வைத்துக்கொண்டு அந்த அம்மா காத்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளே எங்கோ ஒரு சின்ன திருப்தி இருந்தது. இருக்கட்டும், காத்திருக்கட்டும். அன்று வந்தவாசி பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது அந்தத் திருப்தி கசந்தது. மொத்தத் தெருவும் பொய் சொன்னபோது உண்மையைச் சொன்ன ஒருத்திதான் இப்போது ஏமாந்துகொண்டிருக்கிறாள் என்று பட்டது.

தீபா கெங்கம்மாளின் போனை எடுப்பதை விட்டுவிட்டாள். அதனால் கெங்கம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள். நெய்த புடவையைக் கடையில் கொடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விசாரித்துக்கொண்டு, கூடையும் கையுமாக ஜெராக்ஸ் கடைப் படியில் மூச்சு வாங்க ஏறினாள்.

"போனே எடுக்க மாட்டேன்ற. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு..." என்று தீபாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், எதிர் மேசையில் இருந்த ஜெசியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீ... நீயும் இங்கதான் வேலையா?"

"ஆமாங்கம்மா."

"ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா?"

தீபா எழுந்து நின்றாள். ஜெசி நாற்காலியை இழுத்துப் போட்டாள். கெங்கம்மாள் உட்காரவில்லை. ஜெசி எதையும் மறைக்காமல் சொன்னாள். என்ன ஆய்வு, ஏன் இரண்டு பேர் போனார்கள், ஏன் வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது என்று எல்லாவற்றையும்.

கெங்கம்மாளின் முகம் கறுத்தது.

"அப்ப நடிச்சிருக்கீங்க. நான் வெள்ளையடிச்சுகினு, மோட்டாரு மாத்திகினு, கேட்டு வந்தவங்கள அனுப்பிகினு கெடந்தேன். நீங்க இங்க குந்திகினு என்னப் பத்தி எழுதிகினு இருந்தீங்க."

"உங்க பேரு எங்கயும் வராதும்மா" என்றாள் தீபா.

"பேரு போடலன்னா அது நான் இல்லாம பூடுமா?"

கெங்கம்மாள் ஜெசியின் பக்கம் திரும்பினாள். "நான் உங்கிட்ட உண்மையத்தான் சொன்னேன். பொய் சொன்னது நீங்க ரெண்டு பேருதான்."

"தீபாவுக்கு வீடு தேவையில்லதாங்க. அது பொய்தான்" என்றாள் ஜெசி. குரலை உயர்த்தவில்லை. "எனக்குத் தேவை. இந்த வேலைக்கு வந்ததுல இருந்து தேடறேன். இந்த ஆய்வு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தேடி, அலுத்து, விட்டுட்டேன். தெனம் தேசூர்ல இருந்து விடியறதுக்கு முன்னாடி கெளம்பி வரேன். உங்க வீட்ட எடுத்துக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. ஆனா வீடு வேணும்னு கேட்டேன் பாருங்க, அதுல நான் நடிக்கலைங்க."

தீபா ஜெசியைத் திரும்பிப் பார்த்தாள். கெங்கம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல? அம்மாவ விட்டு வர முடியாதுன்னீங்க."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப தீபா? பாவம்னு நெனச்சிருப்ப. ஒரு எடத்துலயாவது கூட வேலை செய்யறவளா மட்டும் இருக்கலாம்னு பாத்தேன்."

தீபா மூக்கை உறிஞ்சினாள். "அப்ப நான் அந்த ரூம் கெடைச்ச கதைய உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றாள். ஜெசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றே தமிழ்செல்வனுக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. அந்த வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொன்னார். வார இறுதியில் சென்னையிலிருந்து வந்து சேவூருக்குத் தானே போய்க் கெங்கம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டாள். "சரிங்க சார்" என்பதற்கு மேல் பேசவில்லை. திரும்பி வந்தவர் ஜெசியிடம், "மையத்தோட பேர்ல நான் ஒரு வீடு பாத்துத் தரேம்மா. எனக்குக் குடுக்காம இருக்க மாட்டாங்க" என்றார்.

"அது உங்களுக்குக் குடுத்த வீடு சார். நான் அதுல ஒளிஞ்சுகிட்டு இருக்கணும்" என்றாள் ஜெசி. அவர் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை.

சில நாள் கழித்துத் தீபாவின் போன் ஒலித்தது. எடுத்துக் கேட்டவள் பேசாமல் ஜெசியிடம் நீட்டினாள். கெங்கம்மாள் ஜெசியின் நம்பரை அன்றைக்கு வாங்கியே வைக்கவில்லை.

"நான்தான் கண்ணு. சேவூரு."

"சொல்லுங்கம்மா."

"வூடு காலியாதான் கீது. வரியா?"

ஜெசி சரி என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டாள். "இப்ப ஏம்மா குடுக்கறீங்க? சார் வந்து பேசுனதாலயா?"

"அவரு யாரு எனக்கு. அன்னிக்கு நீ ஜன்னலாண்ட நின்ன பாரு. கட்டில எங்க போடலாம்னு பாத்துகினு இருந்த. உம் மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சுது. அதப் பாத்துட்டுதான் கீழ எறங்கி வந்து முடியாதுன்னேன். தறியில குந்துனா அதுவே வந்துகினு கீது. அந்தப் பொண்ணு ஏமாத்துனது கூட எனக்குப் பெருசாத் தெரியல."

போனுக்குள் எதிர் வீட்டு விசைத்தறிச் சத்தம் கேட்டது. ஜெசி எழுந்து சன்னலருகே போனாள்.

"உங்க கொழுந்தனாரு?"

"பேசுவாரு. நான் பாத்துக்கறேன்."

"நான் சொல்ல வேண்டியத சொல்லிடறேம்மா. அப்பறம் நீங்க யோசிச்சுக்கோங்க. எங்க அம்மாவும் வந்து இருப்பாங்க. காலையில சத்தமா பாடி ஜெபம் பண்ணுவாங்க. எங்க வீட்டுல மாட்டுக்கறி சமைப்போம். மறைச்சு மறைச்சு சமைக்க என்னால முடியாது."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஜெசி போனைப் பார்த்தாள்.

"பாட்டு பரவால்ல" என்றாள் கெங்கம்மாள். "கறி... வாடை கீழ வருமே."

"வரும்மா."

"நான் கருவாடு வறுத்தா தெருவே மூக்கப் புடிச்சிகினு போவும். அது மேல வந்தா நீ இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"அப்ப நானும் ஒண்ணும் பண்ண மாட்டேன். ஜல்தி வந்து சாவிய வாங்கிக்கோ."

ஜெசி நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

ஜெபராணி முதலில் நம்பவில்லை. "எல்லாத்தையும் சொல்லிட்டியா அவங்ககிட்ட?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கணவர் வெளியூர்ப் பள்ளிகளில் வேலை பார்த்த காலமெல்லாம் அவரோடு வீட்டுக்கு வீடு மாறி, கறி வாங்கினால் பைக்குள் பை வைத்து எடுத்து வந்தவள் அவள். சாமான்களை ஏற்றிய குட்டியானை வேன் சேவூர்த் தெருவுக்குள் நுழைந்தபோது முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

தெருவில் சிலர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சுப்பராயலு தன் வீட்டுக் கதவருகே நின்றார். பட்டு நூல் வியாபாரம் செய்கிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். "அண்ணி, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்று கேட்டார்.

"யோசிச்சுதான்பா பண்றேன். பீரோ வெயிட்டா கீது, ஒரு கை புடி."

அவர் அசையவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பீரோவை வண்டிக்காரரும் ஜெசியும் ஒரு பக்கம், தீபாவும் கெங்கம்மாளும் மறுபக்கம் பிடித்து மேலே ஏற்றினார்கள். பாதிப் படியில் கெங்கம்மாளின் கை சுவரில் உரசித் தோல் பெயர்ந்தது. ஜெபராணி தன் பையைத் துழாவி மருந்து எடுத்துப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பொதுக் குழாயைப் பிரித்துத் தனித் தனியாகப் போட்டுக்கொண்டார் சுப்பராயலு. அவர் மனைவி குணசுந்தரி கெங்கம்மாளோடு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கெங்கம்மாளும் முதலில் ஒரு மாதிரிதான் இருந்தாள். ஜெசியின் பிறந்தநாளுக்கு ஜெபராணி கொண்டுவந்து கொடுத்த கேக்கை வாங்கிக்கொண்டாள், சாப்பிட்டாளா என்று தெரியாது. மாடியில் கறி வேகும் நாட்களில் அவள் வீட்டில் ஊதுபத்தி இரண்டு மடங்கு எரியும். ஜெசி அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. அவளும் கெங்கம்மாளை முழுதாக நம்பிவிடவில்லை. புத்தக அலமாரிக்குச் சுவரில் ஆணி அடிக்கக்கூட ஒரு மாதம் தள்ளிப்போட்டாள்.

ஆய்வு முடிந்து அறிக்கை வந்தது. சேவூர் வீடு அதில் இல்லை. ஆனால் தீபா பிடிவாதமாக ஒரு பகுதியைச் சேர்க்க வைத்திருந்தாள். இப்படி ஆள் அனுப்பிச் சோதிக்கும்போது, காத்திருக்கும் வீட்டுக்காரருக்கு உடனே விவரம் சொல்லிவிட வேண்டும் என்று. தமிழ்செல்வன் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டார்.

ஐப்பசியில் சுப்பராயலுவின் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. கெங்கம்மாளுக்கும் சொன்னார்கள், ஆனால் வாசலில் நின்றபடி, போகிற போக்கில் சொன்னார்கள். அவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். ஜெபராணி தேசூருக்குப் போயிருந்தாள். ஜெசி மாடியில் ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இன்னும் விருந்து பந்தி போட்டிருக்க மாட்டார்கள். எட்டிப் பார்த்தாள். கெங்கம்மாள் தனியாக வந்து, படியின் கீழ் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியா?" என்று நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. இப்பதான் ரசம் வெக்கறேன்."

"நானும் சாப்பிடல."

ஜெசி இரண்டு படி இறங்கி வந்தாள். "வாங்க, மேல" என்றாள்.

கெங்கம்மாள் ஏறி வந்தாள். "மண்டபத்துல ஒருத்தரும் வான்னு சொல்லல" என்றாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஜெசி இரண்டு தட்டு வைத்துச் சோறு போட்டு, ரசம் ஊற்றி, முட்டை பொரித்து வைத்தாள். கெங்கம்மாள் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு கம்மியா கீது" என்றாள்.

பிறகு கையை நீட்டி, அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த உப்பு டப்பாவைத் தானே எடுத்துத் திறந்தாள்.